பட்டாயாவில் கட்டிய கயிறு

எங்கள் பக்கத்தில் பட்டாயா என்று சொன்னால் ஆண்கள் சிரிப்பார்கள், பெண்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். அது தாய்லாந்தில் கடலோரமாக இருக்கும் ஓர் ஊர் என்பதெல்லாம் யாருக்கும் வேண்டியதில்லை. சிமெண்ட் விற்பவர், பெயிண்ட் விற்பவர், உரம் விற்பவர் என்று உத்திரமேரூர் கடைத்தெருவில் பல பேர் அங்கே போய்வந்தவர்கள்தான். கம்பெனி சொன்ன அளவுக்குச் சரக்கை விற்றுக்கொடுத்தால் கம்பெனியே விமானம் ஏற்றி அனுப்பும். டீலர் டூர் என்று அதற்குப் பெயர். திரும்பி வந்ததும் வீட்டில் போனை நீட்டி யானையையும் புத்தர் கோயிலையும் காட்டுவார்கள். அதோடு படம் முடிந்துவிடும்.

நானும் போனேன். மறைக்கப் போவதில்லை. அங்கே மதுக்கடையில் வேலை செய்கிற ஒரு பெண் என் வலது மணிக்கட்டில் ஒரு கயிறு கட்டினாள். அதை அறுக்கச் சொல்லி ஊரே கேட்டது. நான் அறுக்கவில்லை. நடந்தது இவ்வளவுதான். ஆனால் ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், அதனால் நானே எழுதிவிடுகிறேன். ஐந்தாவது வரை படித்தவன். நான்கு பேர் முன்னால் நின்றால் எனக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். எழுதும்போது எதிரில் யாரும் இல்லை, அது ஒரு வசதி.

மானாம்பதி போகும் சாலையில் எனக்கு ஒரு கடை இருக்கிறது. சிமெண்ட், கம்பி, ஆணி, கொஞ்சம் பெயிண்ட். கம்பெனியின் ஏஜென்சி என் மனைவியின் அண்ணனுடையது. அவரிடமிருந்துதான் எனக்குச் சரக்கு வரும். கடை வைத்துக் கொடுத்தவரும் அவர்தான், அதை அவர் மறந்ததும் இல்லை, என்னை மறக்க விட்டதும் இல்லை. சாலையின் இரண்டு பக்கமும் வயலெல்லாம் மனையாகி, கல் நட்டு, வீடு எழும்பத் தொடங்கியது. அந்த வருடம் என் கடையிலும் டார்கெட் முடிந்தது.

போவதா வேண்டாமா என்று நான் யோசித்ததற்கு ஒரு காரணம் இருந்தது. சில வருடங்களுக்கு முன் என் மனைவிக்கு வயிற்றில் கட்டி வந்து செங்கல்பட்டில் அறுவை சிகிச்சை நடந்தது. அவள் உள்ளே இருந்தபோது, ஐந்து வருடம் தீ மிதிக்கிறேன் என்று எங்கள் ஊர் அம்மனிடம் வேண்டிக்கொண்டேன். கட்டி போனது. நான்கு வருடம் மிதித்துவிட்டேன். இது ஐந்தாவது. அந்த ஐந்தும் முடியும்வரை தன் உடம்பு அம்மனிடம் அடகில் இருக்கிறது என்று என் மனைவி நம்பினாள். ஸ்கேன் எடுக்கப் போகிற நாளில் கோயில் வழியாகத்தான் பஸ் ஸ்டாப்புக்குப் போவாள். வழி சுற்று என்றாலும் அப்படித்தான்.

திருவிழா வைகாசியில். தீ மிதிக்கிறவர்களுக்குப் பூசாரி முதலில் வலது கையில் மஞ்சள் காப்பு கட்டுவார். கட்டிய பிறகு ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது, வீட்டில் படுக்கக் கூடாது, எல்லாரும் கோயிலில்தான். டூரோ சித்திரை கடைசியில். அங்கே அப்போது மழைக்காலம், கூட்டம் குறைவு, டிக்கெட் மலிவு. கம்பெனி அதைப் பார்த்துத்தான் தேதி வைக்கும்.

மனைவி புளிச்சோறு கட்டி, எலுமிச்சை ஊறுகாய் டப்பாவைப் பையில் வைத்தாள்.

“போய்ட்டு வா. ஆனா போன கை அப்டியே திரும்பி வரணும். காப்பு கட்ற கையி.”

“கையி எங்க போவப் போவுது?”

“பட்டாயாவுல கையி எங்கெங்க போவும்னு எங்கண்ணி சொல்லிகீறா.”

அவளுடைய அண்ணி என்றால் என் மச்சானின் மனைவி. மச்சானுக்கு இது மூன்றாவது பட்டாயா.

அங்கே சாயங்காலம் ஆனால் ஒரு தெரு விழித்துக்கொள்கிறது. அதுவரை மூடிக் கிடந்த ஷட்டர்கள் மேலே ஏறும். சிவப்பும் நீலமுமாக விளக்கு, ஒவ்வொரு கடையிலும் வேறு வேறு பாட்டு, எல்லாம் ஒன்றாகக் காதில் மோதும். பெண்கள் சட்டையில் எண் அட்டை குத்திக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார்கள். இங்கே சைக்கிள் ஸ்டாண்டில் வண்டிக்கு மாட்டும் டோக்கன் மாதிரி. வாசலில் நிற்கும் பையன்கள் எங்களைப் பார்த்ததும் “அண்ணா வா, மச்சான் வா” என்று தமிழில் கூப்பிட்டார்கள். யார் சொல்லிக்கொடுத்திருப்பார்கள் என்று கேட்க வேண்டியதில்லை. எங்களுக்கு முன்னால் போன டீலர்கள்தான்.

கம்பெனி ஆபீசர் ஒருவர் எங்களை மேய்த்துக்கொண்டு போனார். ஒரு கடையில் எல்லாரையும் உட்காரவைத்தார். என் பக்கத்தில், கிட்டத்தட்ட என் மனைவி வயதுள்ள ஒரு பெண்ணைக் கூட்டிவந்து மச்சான் உட்காரவைத்தார்.

“மாப்ள, இதோட உன் கூச்சம் தெளிஞ்சிடும். ஊருக்குப் போனா மைக்கு புடிச்சிப் பேசுவ பாரு.”

எல்லாரும் சிரித்தார்கள். அவள் கிளாஸை என் பக்கம் தள்ளினாள். நான் கையை விரித்து ஆட்டினேன். அவளும் அதே மாதிரி கையை ஆட்டிக் காட்டிச் சிரித்தாள். அதற்குப் பிறகு என்னைத் தொந்தரவு செய்யவில்லை. அவளுக்கும் கொஞ்ச நேரம் சும்மா உட்காரக் கிடைத்தது போல இருந்தது. காலை செருப்பிலிருந்து வெளியே எடுத்து, ஒரு காலால் இன்னொரு காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

எதிரில் ஆபீசர் இன்னொரு பெண்ணின் முடியைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு போட்டோ எடுக்கச் சொன்னார். சின்னப் பெண். படம் எடுக்கும்வரை அவளும் சிரித்தாள். எடுத்து முடித்த பிறகும் அவர் விடவில்லை, இன்னும் ஒரு சுற்றுச் சுற்றினார். எங்கள் ஆட்கள் கை தட்டினார்கள். அப்போது என் பக்கத்தில் இருந்தவள் எழுந்தாள். ஏதோ பாட்டுக்கு ஆடுவது போலப் போய், விளையாட்டுக் காட்டுவது போலவே, ஆபீசரின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து அந்த முடியை விடுவித்தாள். அவருக்குக் கோபம் வராதபடி அதைச் செய்தாள். திரும்பி வந்து, ஒன்றும் நடக்காதது போல, கிளாஸில் ஐஸ் போட்டாள்.

புருஷன் சூதில் தோற்ற சபையில் முடியைப் பிடித்து இழுக்கப்பட்டவளுக்குத்தான் நாங்கள் வருடா வருடம் தீ மிதிக்கிறோம். கூத்தில் அந்தக் கட்டம் வரும்போது எங்கள் ஊரில் ஆண்களே அழுவார்கள். கை தட்டியவர்களில் இரண்டு பேர் என்னோடு தீயில் இறங்குகிறவர்கள். வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டு நான் ஓட்டலுக்கு வந்துவிட்டேன்.

காலையில் வழக்கம்போல விடியும் முன் விழிப்பு வந்தது. வெளியே நடந்தேன். அதே தெருதான், ஆனால் நம்ப முடியவில்லை. ரப்பர் குழாயில் தண்ணீர் பீய்ச்சித் தரையைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். பாட்டு இல்லை. கொட்டிய ஐஸ் உருகி ஓரமாக ஓடியது. பூனைகள் கோழி எலும்பை இழுத்துக்கொண்டு போயின.

தெரு முனையில் சில பெண்கள் செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையாக மண்டியிட்டிருந்தார்கள். எதிரே காவி கட்டிய சாமியார்கள் வெறுங்காலோடு, ஆளுக்கு ஒரு பெரிய பாத்திரத்தோடு வந்தார்கள். பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது, பிரசாதம் கொடுக்கிறார்கள் என்று. நானும் செருப்பைக் கழற்றினேன். வரிசையின் கடைசியில் நின்று, நம் ஊரில் சுண்டலுக்கு நீட்டுவது போல இரண்டு கையையும் குவித்து நீட்டினேன்.

முன்னால் வந்த சாமியார் நின்றார். என் கையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். பெண்கள் பக்கம் ஒரு சிரிப்பு கிளம்பியது, அடங்கவே இல்லை. அவர் உதட்டைக் கடித்துக்கொண்டார். அங்கே ஜனங்கள்தான் சாமியாருக்குச் சோறு போட வேண்டுமாம், சாமியார் யாருக்கும் கொடுப்பதில்லை. நான் பிச்சைக்காரரிடமே கையேந்தி நின்றிருக்கிறேன்.

ஒரு பெண் எழுந்து ஓடி வந்தாள். முகத்தில் பூச்சு இல்லை, பழைய பனியன் சட்டை. எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவள் கையை விரித்து ஆட்டிக் காட்டினாள், கிளாஸ் வேண்டாம் என்பது போல. அப்போது தெரிந்தது. ஒரு சோற்றுப் பொட்டலத்தையும் வாழைப்பழத்தையும் என் குவித்த கையில் வைத்து, சாமியாரின் பாத்திரத்தைக் காட்டினாள். போட்டேன். அவர்கள் நின்று ஏதோ ஓதினார்கள். ஓதி முடிக்கும்வரை அவள் ஒரு சின்ன பாட்டிலில் இருந்து தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தரையில் ஊற்றினாள். அது எனக்குச் சொல்லித்தராமலே தெரிந்தது. அமாவாசைக்கு நாமும் அப்படித்தான் ஊற்றுகிறோம். அவளுக்கும் யாரோ செத்துப்போயிருக்கிறார்கள்.

பிறகு பையில் இருந்து வெள்ளை நூல் கற்றை ஒன்றை எடுத்தாள். தெரு கழுவிக்கொண்டிருந்த கிழவிக்கு ஒன்று கட்டினாள். என் கையைக் கேட்டாள். நான் வலது கையைத்தான் நீட்டினேன், காப்புக்கு நீட்டிப் பழகிய கை. வாய்க்குள் எதையோ முணுமுணுத்துக்கொண்டே, என் மணிக்கட்டின் மேல் நூலை இரண்டு மூன்று தரம் தடவிவிட்டு முடிபோட்டாள். இரண்டு விரலைக் கத்தரிக்கோல் போல வெட்டிக் காட்டித் தலையை ஆட்டினாள். வெட்டக் கூடாது. அதுவும் எனக்குப் புதிதில்லை. அம்மன் காப்பையும் நாங்கள் வெட்டுவதில்லை.

நான் பாக்கெட்டில் கை விட்டுப் பணத்தை எடுத்தேன். அவள் முகம் மாறியது. முந்தின நாள் அத்தனை ஆண்கள் நடுவில் மாறாத முகம் அப்போதுதான் மாறியது. என் கையை அப்படியே பாக்கெட்டுக்குள் தள்ளிவிட்டுப் போய்விட்டாள். அந்தத் தெருவில் நான் பார்த்த எல்லாவற்றுக்கும் ஒரு விலை சொன்னார்கள். இதற்குச் சொல்லவில்லை.

திரும்பும்போது ஏர்போர்ட்டில் மச்சான் பார்த்துவிட்டார்.

“இன்னா மாப்ள இது?”

“ஒரு அம்மா கட்டிச்சி.”

“எந்த அம்மா?”

“அன்னிக்கி எம்பக்கத்துல உக்காந்துகினு இருந்திச்சே, அந்த அம்மா.”

“யோவ்! அத்த அத்துப் போடு மொதல்ல. நாங்க யான, கோயிலுன்னு பேசி வச்சிகீறோம். நீ கைல பட்டாயாவ கட்டிக்கினு போய் எறங்கனா அத்தினி பேரும் பேஜாரு.”

நான் சட்டைக் கையை இறக்கி விட்டுக்கொண்டேன். அறுக்கவில்லை.

வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது மனைவி பார்த்தாள். மறைக்கத் தெரிந்தவனாக இருந்தால் மறைத்திருப்பேனோ என்னவோ. கேட்டாள், எல்லாவற்றையும் சொன்னேன். கையேந்தி நின்றதைக்கூடச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

“வேற?”

“வேற ஒண்ணும் இல்ல.”

தட்டை எடுத்துக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை அவள் கேட்டதே இல்லை. ஆனால் குத்தலாகப் பேசாமல் இருக்கவில்லை. தண்ணீர் சொம்பை எடுத்தால், “பாத்து, நனஞ்சிடப் போவுது” என்பாள். ஒரு நாள் என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

“கெட்டியாத்தான் முடி போட்டுகீறா. அத்துட்டா இன்னா?”

“அறுக்கக் கூடாதுன்னு சொன்னிச்சி.”

“பாஷ தெரியாத உனுக்கு எப்டி சொன்னா?”

இரண்டு விரலால் வெட்டித் தலையை ஆட்டிக் காட்டினேன். அப்போது சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் நின்றாள்.

“இத்த சாக்கு வச்சி காப்பு கட்ட உடலன்னா? அஞ்சாவது வருசம்யா.”

அவள் கை புடவைக்கு மேலே வயிற்றில், தையல் போட்ட இடத்தில் இருந்தது. அங்கே கை போனது அவளுக்கே தெரிந்திருக்காது.

அந்த மத்தியானம் கடையில் யாரும் இல்லாதபோது பிளேடை எடுத்தேன். நூலுக்கு அடியில் வைத்தேன். ஓர் இழுப்பு போதும். யாருக்காக அறுக்கிறோம் என்று யோசித்தேன். மச்சான் கையில் கயிறு இல்லை, அதனால் அவர் சுத்தம். கை தட்டியவர்கள் கையில் கயிறு இல்லை, அவர்களும் சுத்தம். அந்த ஊரில் காசு கொடுத்து வாங்கியதை எல்லாம் அங்கேயே விட்டுவிட்டு வரலாம், ஊர் ஒன்றும் சொல்லாது. காசு வாங்காமல் ஒருத்தி கட்டியதைத்தான் அறுக்கச் சொல்கிறது. அவளை நான் அசிங்கம் என்று ஒத்துக்கொண்டால்தான் நான் நல்லவனாம். பிளேடைத் திரும்பக் காகிதத்தில் மடித்து வைத்தேன். மனைவியின் வயிற்றை நினைத்தபோது பயமாகத்தான் இருந்தது. இருந்தும் மடித்து வைத்தேன்.

காப்புக் கட்டும் அன்று காலையில் மனைவி மஞ்சள் அரைத்துக் கிணற்றடிக்குக் கொண்டுவந்தாள். என் கையைப் பிடித்து மணிக்கட்டில் தேய்த்தாள். நூலின் மேலும், நூலுக்கு அடியிலும், முடிச்சிலும் விடாமல் தேய்த்தாள். வெள்ளை போய் நூல் மஞ்சளாகிவிட்டது.

கோயில் முன்னால் நாங்கள் ஈர வேட்டியோடு வரிசையில் நின்றோம். மச்சான் எனக்கு நான்கு ஆள் முன்னால். பூசாரி ஒவ்வொருவராகக் கட்டிக்கொண்டு வந்தார். என் முறை வருவதற்குள் கோயிலை நிர்வகிக்கிற ஊர்ப் பெரியவர் கையைத் தூக்கினார். யாரோ முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறார்கள், யார் என்று எனக்குத் தெரியும்.

“இருப்பா பூசாரி. அவரு கைல ஏற்கெனவே ஒண்ணு கீது. பட்டாயாவுல ஒரு பொம்பள கட்டனதாம்.”

கூட்டம் ‘ஓ’ என்றது. பின்னால் இருந்து ஒருவன், “தாலிய மாத்திக் கட்டிட்டாடா” என்றான். சிரித்தார்கள்.

“அத்த அத்துட்டு நில்லு” என்றார் பெரியவர்.

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னேன்.

“அறுக்க மாட்டேங்க.”

“அப்டின்னா கற்பூரத்த அணைச்சி சத்தியம் பண்ணு. அந்த ஊர் பொம்பள கையி எம்மேல படலன்னு சொல்லு. முடிஞ்சிட்சி.”

பூசாரி தட்டில் கற்பூரம் வைத்துக் கொளுத்திவிட்டார். எரியும் கற்பூரத்தை வெறுங்கையால் அமர்த்திச் சத்தியம் செய்தால் எங்கள் ஊரில் அதற்கு மேல் கேள்வி இல்லை. பொய் என்றால் குடும்பத்துக்கு ஆகாது. நான் தட்டைப் பார்த்தேன். அவர் சொன்ன வார்த்தையை நான் சொல்ல முடியாது.

“பட்டுதுங்க” என்றேன். “கயிறு கட்டும்போது பட்டுது.”

கூட்டம் மறுபடி கத்தியது. மச்சான் திரும்பினார்.

“கேட்டீங்களா? அவரே ஒத்துக்கினாரு. நான் எவ்ளோ சொன்னேன், கேட்டாத்தான? எங்க வூட்டு மானமும் சேந்து போவுது.”

“அண்ணா.”

பெண்கள் நின்ற பக்கத்தில் இருந்து என் மனைவியின் குரல். தட்டை மட்டும் பார்த்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

“நீயும்தான அங்க போன? இவரு கட்டனத சொல்லிட்டாரு. நீ அணை மொதல்ல. அப்பால இவர கேளு.”

“பொம்பளைங்கோ இங்க வந்து பேசக் கூடாது. உள்ள போ.”

“போறேன். கற்பூரம் எரிஞ்சிகினு கீது, சீக்கிரம்.”

மச்சான் பெரியவரைப் பார்த்தார். பெரியவர் அவரைப் பார்த்தார். வரிசையில் பட்டாயா போய்வந்த மற்ற இரண்டு பேரும் தங்கள் கால்விரலைப் பார்த்தார்கள். அவர்களில் ஒருவர், இடுப்பில் இல்லாத போன் அந்த நேரம் பார்த்து அடித்தது போல, வேட்டியைத் தடவிக்கொண்டு ஓரமாக நகர்ந்தார். பெண்கள் பக்கத்தில் என் மச்சானின் மனைவி நின்றிருந்தாள். அவள் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருவரும் தட்டின் பக்கம் கையைக் கொண்டுவரவில்லை.

கற்பூரம் சின்னதாகி, நீலமாகி, தானாகவே அணைந்தது.

பூசாரி தட்டை வேட்டி நுனியால் துடைத்தார்.

“அதுவே அணைஞ்சிட்சி. வெயிலு ஏறுது, ஆவற வேலைய பாப்போம். கைய நீட்டுப்பா.”

“ஒரு கைல ரெண்டு கயிறா?” என்றார் பெரியவர்.

“ரெண்டும் மஞ்சளாத்தான் கீது. உடு.”

கட்டிவிட்டார். பெரியவர் அதோடு விடவில்லை. வழக்கமாகக் கரகத்துக்கு அடுத்து இறங்குகிற என்னை இந்த வருடம் கடைசியில் இறங்கச் சொன்னார். சரி என்றேன். தீ மிதி அன்று மச்சான் எப்போதும் போல முன்னால் இறங்கினார். அவரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு முன்னால் அத்தனை பேர் மிதித்துப்போன தீயில், சாம்பலுக்கும் தணலுக்கும் வித்தியாசம் தெரியாமல் நடந்தேன். முன்னால் இறங்குவதைவிட அதுதான் கஷ்டம். எங்கே சுடும் என்று தெரியாது. அந்தப் பக்கம் பால் ஊற்றிய பள்ளத்துக்கு அருகில் மனைவி நின்றாள். நான் அதில் கால் வைத்ததும் அவள் வயிற்றில் இருந்து கையை எடுத்தாள்.

மறுநாள் ஏரித் துறையில் பூசாரி எல்லாருக்கும் காப்பை அவிழ்த்துத் தண்ணீரில் விட்டார். என்னுடையதையும் அவிழ்த்தார். அந்த இன்னொரு நூல் கையிலேயே இருந்தது.

“அதான் எல்லாம் நல்லபடியா முடிஞ்சிட்சே, இப்பவாவது அத்துடேம்பா” என்றார் பெரியவர். கொஞ்சம் இறங்கி, நல்லவிதமாகத்தான் கேட்டார்.

“மாட்டேங்க” என்றேன். இந்தத் தடவை தொண்டையைச் செரும வேண்டியிருக்கவில்லை.

“அவ சொன்ன மாரி அதுவா உழட்டும்” என்றாள் மனைவி.

மச்சான் எனக்குச் சரக்கு அனுப்புவதை நிறுத்திவிட்டார். வேறு கம்பெனி சிமெண்ட் வாங்கி விற்கிறேன். அவர்களும் டூர் உண்டு என்கிறார்கள், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கயிறு இழை இழையாகப் பிரிந்து, இப்போது ஒற்றை நூலாகத் தொங்கிக்கொண்டிருக்கிறது. கடைக்கு வருகிறவர்களில் சிலர் அதைப் பார்த்துக் கண்ணடிப்பார்கள். பட்டாயா கடை என்றுதான் இந்தச் சாலையில் இப்போது வழி சொல்கிறார்களாம். சொல்லட்டும். இன்னும் இரண்டு பேர் என் முகத்துக்கு நேராகச் சொன்னால் போர்டிலேயே எழுதிவிடுவேன். பெயிண்ட் கடையிலேயே இருக்கிறது.